கவுன்ட்டர் ஜன்னலுக்கு உள்ளே 25 ஆண்டுகள்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் இலை போடுவதற்குள் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சார், நீங்கள் கருப்பூர் யுனிவர்சிட்டியில்தானே இருந்தீர்கள்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதன் பிறகு கேள்விகள் வரிசையாக வரும். பெரியார் பல்கலைக்கழகத்தில் 1998இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 2023இல் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். பெரும்பாலான ஆண்டுகள் தேர்வுப் பிரிவில்தான் கழிந்தன. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு நிதானமாக எழுதிவைத்தால் பலருக்கும் பயன்படும் என்று தோன்றியது.

பல்கலைக்கழகம் வருவதற்கு முன்பு சேலத்துக்காரர்கள் பட்டத்துக்கு எங்கே போனார்கள்?

சென்னைக்குத்தான். 1997 வரை இந்தப் பகுதிக் கல்லூரிகளெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. நான் படித்தது செர்ரி ரோட்டில் உள்ள அரசு கலைக் கல்லூரியில். 1857இல் பள்ளியாகத் தொடங்கிய பழைய இடம் அது. வகுப்பு சேலத்தில் நடந்தாலும் தேர்வு முடிவு, மதிப்பெண் பட்டியல், பட்டம் எல்லாம் சேப்பாக்கத்திலிருந்துதான் வரவேண்டும்.

1985இல் பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க நேரில் போய்விடலாம் என்று இரவு ரயில் ஏறினேன். சுமார் 330 கிலோமீட்டர். சென்ட்ரலில் இறங்கி, நடைமேடைக் குழாயில் முகம் கழுவி, விசாரித்து விசாரித்து நடந்தே சேப்பாக்கம் போய்ச் சேர்ந்தேன். கடற்கரைக் காற்று அடித்தது. விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்த ஊழியர், கூட இணைத்திருந்த வரைவோலையைத் தனியே எடுத்து என்னிடம் காட்டினார். மெட்ராஸில் மாற்றத்தக்கதாக எடுக்க வேண்டிய டி.டி.யை நான் சேலத்தில் மாற்றத்தக்கதாக எடுத்திருந்தேன். தவறு முழுக்க என்னுடையது. வங்கிப் படிவத்தில் ஊர் பெயர் கேட்ட இடத்தில் என் ஊரை எழுதிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "தம்பி, இதை மாற்றி எடுத்துத் தபாலிலேயே அனுப்பிவிடுங்கள், மறுபடி அலைய வேண்டாம்" என்று சொல்லி, அனுப்ப வேண்டிய முகவரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அன்று இரவே திரும்பிவிட்டேன். பதின்மூன்று ஆண்டு கழித்து அதே மாதிரி ஒரு ஜன்னலுக்கு உள்ளே நான் உட்கார்ந்தபோது, மேசை இழுப்பறையில் முதலில் வைத்துக்கொண்டது ஒரு கட்டுத் துண்டுச் சீட்டு.

ஏன் 1997? ஏன் அந்தப் பெயர்?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சுமை பெரிது. அன்றைய சேலம், தருமபுரி வட்டாரத்துக்கென்று தனியாக ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை இருந்தது. 1997 செப்டம்பர் 17இல் தமிழ்நாடு அரசு இதை நிறுவியது. அது தந்தை பெரியாரின் பிறந்தநாள். அதே ஆண்டு ஜனவரியில்தான் சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்திருந்தது. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரியும் பிரிய, எங்கள் எல்லை நான்கு மாவட்டங்கள் ஆனது. நிலம் கூடவில்லை. கோப்புகளின் மேலுறைகளில் எழுத வேண்டிய மாவட்டப் பெயர்கள்தான் கூடின.

நீங்கள் சேர்ந்தபோது வளாகம் எப்படி இருந்தது?

வெயிலாக இருந்தது. இன்று நிழலில் நடந்து போகிறவர்களுக்கு அதை விளங்கவைப்பது கடினம்.

கருப்பூர்ப் பக்கம் மேக்னசைட் பூமி. வெள்ளைக்கல் என்று ஊரில் சொல்வார்கள். வெள்ளைக்காரர்கள் இந்தக் குன்றுகளைச் சுண்ணக் குன்றுகள் என்ற பொருளில் பெயரிட்டு அழைத்ததற்குக் காரணமே தரையில் ஓடும் அந்த வெள்ளை நரம்புகள்தான். உருக்காலை உலைகளின் உட்சுவரில் வைக்கும் செங்கல்லுக்கு இந்தக் கல் போகிறது. சித்திரை மாதத்தில் வெயில் மேலிருந்து அடிப்பது ஒரு பக்கம், வெள்ளைத் தரையிலிருந்து மேலே எழும்புவது இன்னொரு பக்கம். குடை பிடித்தாலும் முகவாய் சுடும். மதியத்தில் சுரங்கத்தில் வேட்டு வைத்தால் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். புதிதாக வந்தவர்கள் திடுக்கிடுவார்கள், நாங்கள் கடிகாரத்தைப் பார்ப்போம்.

ஆனால் கிழக்கே திரும்பினால் சேர்வராயன் மலை. மரமும் மாடியும் மறைக்காத காலம் என்பதால் அடிவாரத்திலிருந்து உச்சி வரை முழுசாகத் தெரியும். ஐப்பசி மழைக்குப் பிறகு மலை பக்கத்தில் வந்து நிற்பதுபோல இருக்கும். ஏற்காட்டில் மழை இறங்குவதை எங்கள் வராந்தாவில் நின்றே பார்க்கலாம். முதலில் உச்சி மறையும், பிறகு இடுப்பு மறையும், கொஞ்ச நேரத்தில் எங்களிடமும் மண்வாசனை வந்துவிடும்.

வாசலில் சாலை இரண்டு வழிதான். அப்போது அதற்கு தேசிய நெடுஞ்சாலை 7 என்று எண். வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி போகிற சாலை. பின்னால் நான்கு வழி ஆக்கினார்கள், எண்ணும் 44 ஆனது, சாலையும் ஸ்ரீநகரிலிருந்து தொடங்குவதாகக் கணக்காயிற்று. ஓமலூர் பஸ்ஸில் இறங்கி இந்தச் சாலையைக் கடப்பதுதான் ஒவ்வொரு நாளும் முதல் வேலை. லாரிகள் பெங்களூர் பக்கமிருந்து இறக்கத்தில் வருகிற வேகத்தைப் பார்த்தால், மாணவிகளை நாலைந்து பேராகச் சேர்த்துக்கொண்டு கடக்கவைக்கத் தோன்றும். பல நாட்கள் அப்படியே செய்திருக்கிறேன்.

இப்போது இருக்கும் மரங்களை யார் வைத்தார்கள்?

நடுவிழாக்கள் நடந்தன, பெரிய மனிதர்கள் வந்து மண் தள்ளினார்கள். வளர்த்தது வேறு ஆள். தினக்கூலியாக வந்த ஒரு பெரியவர். பெயரைச் சொல்ல அவர் குடும்பத்தின் அனுமதி என்னிடம் இல்லை, எல்லோரும் தாத்தா என்றுதான் கூப்பிட்டோம்.

குழாய்த் தண்ணீர் போதாத கோடையில் அவர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வீடுகளில் கழித்துப் போட்ட மண்பானைகளைச் சேகரித்துக்கொண்டு வருவார். ஆணியை வைத்துத் தட்டாமல், சுழற்றிச் சுழற்றி அடியில் சின்னத் துளை போடுவார். தட்டினால் பானை விரிந்துவிடும். பழைய வேட்டியைக் கிழித்துத் திரித்த திரியை அந்தத் துளையில் இறுக்கமாகச் செருகுவார். கன்றுக்கு ஒரு சாண் தள்ளிக் குழி எடுத்து, பானையைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, வாயைச் சிரட்டையால் மூடிவிடுவார். திரி வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கசிகிற நீர் வேருக்கு மட்டும் போகும். மூன்று நாளைக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். "தண்ணீரை ஊற்றினால் வெயில் குடிக்கும், கசியவிட்டால் செடி குடிக்கும்" என்பார்.

வேம்பும் புங்கனும்தான் அதிகம் பிழைத்தன. புங்கனிடம் ஒரு நல்ல குணம் உண்டு. கோடை தொடங்குவதற்குச் சற்று முன்னால் பழைய இலையை உதிர்த்து, வெயில் உச்சத்துக்குப் போகும்போது புதுத் தளிரோடு நிற்கும். ஏப்ரல் தேர்வுக்கு வருகிற பிள்ளைகள் அதன் அடியில்தான் கடைசி நேரப் பக்கங்களைப் புரட்டுவார்கள். தாத்தா அந்த நிழல் முழுசாக விரிவதைப் பார்க்கும் முன்பே காலமாகிவிட்டார். அவர் பெயரில் கல்வெட்டு எதுவும் கிடையாது. மழை கரைத்த இடங்களில், ஒன்றிரண்டு புங்கன்களின் அடியில் பானை விளிம்பு இன்னும் மண்ணுக்கு மேலே தெரிகிறது. எனக்குத் தெரிந்தவர்கள் யார் அங்கே போனாலும் அதைப் பார்க்கச் சொல்லி அனுப்புவேன்.

தேர்வுப் பிரிவில் அப்படி என்ன வேலை?

விடைத்தாள் வரும், மதிப்பெண் போகும் என்று வெளியே நினைப்பார்கள். நடுவில் நடப்பது முழுக்க, ஒரு மாணவரின் பெயரை மறைப்பதும் பிறகு சரியான ஆளிடம் அந்தப் பெயரைத் திரும்பச் சேர்ப்பதும்தான்.

கல்லூரிகளிலிருந்து கட்டுகள் துணியில் தைத்து, அரக்கு முத்திரையோடு வரும். ஆரம்ப ஆண்டுகளில் எங்கள் அறைக்கே ஒரு மணம் இருந்தது. அரக்கு, மெழுகுவர்த்திப் புகை, சாக்குத் துணி, புதுத் தாள் எல்லாம் கலந்த மணம். கட்டைப் பிரித்து எண்ணிச் சரிபார்த்து, ஒவ்வொரு தாளுக்கும் டம்மி எண் போட்டு, பதிவெண் உள்ள பகுதியைக் கிழித்துத் தனியே பூட்டிவைக்க வேண்டும். திருத்துகிறவருக்கு அது யாருடைய தாள் என்று தெரியாது, தெரியவும் கூடாது. திருத்தி முடிந்ததும் எண்ணோடு எண் பொருத்தி, பதிவேட்டில் ஒருவர் வாசிக்க ஒருவர் எழுத, மூன்றாமவர் சரிபார்ப்பார். வாசிக்கிறவர் "ஐம்பத்து மூன்று" என்று சொன்னால் எழுதுகிறவர் "ஐந்து, மூன்று" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சலிப்பான வேலை என்பார்கள். எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை. ஐந்தை மூன்றாகக் கேட்டுவிட்டால் அது எங்கோ ஒரு வீட்டில் ஒரு வருடம்.

மறக்க முடியாத மாணவர் யாராவது உண்டா?

உண்டு. ஆண்டைச் சொல்லவில்லை, ஊரையும் பொதுவாகவே சொல்கிறேன்.

கொல்லிமலைப் பக்கத்து மலைக் கிராமம். நாமக்கல்லிலிருந்து போகிற பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல் பஸ்ஸைப் பிடித்து, வண்டி மாறி, ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்து நின்றார்கள். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடியினர். பெயர் அப்படி இருந்தாலும் பேச்சு தமிழ்தான், சேர்வராயனிலும் கல்வராயனிலும் அவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண் பட்டத்துக்கான விண்ணப்பத்தை நீட்டினாள். அப்பா ஜன்னலுக்கு நேரே நிற்காமல் தூணை ஒட்டி நின்றார். செருப்பை வராந்தாவுக்கு வெளியே கழற்றியிருந்தார்.

விண்ணப்பத்தைப் படித்தேன். அவள் பெயர் 'ச'வில் தொடங்குவது. நம் 'ச'வை ஆங்கிலத்தில் எழுத இரண்டு வழி உண்டு, 'எஸ்' என்றும் போடலாம், 'சி எச்' என்றும் போடலாம். விண்ணப்பத்தில் 'எஸ்' இருந்தது. அன்று கூட்டம் அதிகம், அப்படியே வாங்கிப் போட்டிருக்கலாம், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. என்னவோ கேட்டுவிட்டேன்: "கண்ணு, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கொண்டுவந்திருக்கிறாயா?"

மஞ்சள் பையிலிருந்து பாலித்தீன் உறை, அதற்குள் செய்தித்தாள், அதற்குள் சான்றிதழ். அதில் 'சி எச்'. கூடவே பெயரின் நடுவே ஒரு 'எச்' கூடுதல்.

அவளுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. எப்படி எழுதினாலும் உச்சரிப்பு ஒன்றுதானே என்று கேட்டாள். சரியான கேள்விதான். ஆனால் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் வேலைக்கு எடுக்கிறவருக்கும் உச்சரிப்பு கேட்காது, எழுத்துதான் தெரியும். வேற்றுப் பெயர் என்று திருப்பி அனுப்பப்பட்டு எத்தனை பேர் அதே ஜன்னலுக்கு அழுதுகொண்டு வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். புதுப் படிவம் ஒன்று கொடுத்து, சான்றிதழை எதிரே வைத்து எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதச் சொன்னேன். அவள் எழுதும்போது அப்பா மெதுவாக ஜன்னலுக்கு வந்தார். "சாமி, எங்கள் வீட்டில் யாரும் பேரை எழுதினதே இல்லை. இவள் பேரைச் சரியாகப் போட்டுக் கொடுங்கள்" என்றார். கையெழுத்து வேண்டிய இடத்தில் அவள் போட்டது ஆங்கிலத்தில் இல்லை. தமிழில், முழுப் பெயரும், பள்ளிக்கூட எழுத்தில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக.

அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை, பட்ட விண்ணப்பத்தோடு வந்த ஒருவரையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கேட்காமல் நான் அனுப்பியதில்லை.

கணினி வந்தபோது உங்களுக்கு வருத்தமாக இருந்ததா?

இல்லை. தட்டச்சுப் பொறியில் ஆறு கார்பன் தாள் வைத்து அடித்த விரல்கள் இவை, கணினியை வரவேற்காமல் என்ன செய்யும்? முடிவு வந்த அன்று கல்லூரிப் பலகை முன்னால் பிள்ளைகள் முட்டிமோதிய காலம் போய், வீட்டிலிருந்தே பார்க்கிற காலம் வந்தது. டி.டி. எடுக்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வங்கியில் நின்ற தகப்பன்மார்களுக்கு, போனிலேயே பணம் கட்டுவது பெரிய விடுதலை. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த வாரங்களில், கட்டணத்துக்கு மாற்று நோட்டு கிடைக்காமல் தவித்தவர்களைப் பார்த்த பிறகு அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எனக்கு உள்ள கவலை வேறு. திரையில் ஒரு கட்டத்தில் பெயரைத் தட்டினால், அது என்ன தட்டினோமோ அதை வாங்கிக்கொள்ளும். "கண்ணு, ஒரு நிமிஷம்" என்று அது கேட்காது. இன்று கல்லூரிக்கு வருகிறவர்களில் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள் ஏராளம். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது, அந்தப் பணம் பல வீடுகளில் பெண்ணைப் படிப்பை விடாமல் காத்திருக்கிறது. அப்படி வருகிற பிள்ளைக்கு விண்ணப்பம் நிரப்பும்போது வீட்டில் கேட்க ஆள் இல்லை. இணைய மையத்தில் பத்து ரூபாய்க்கு நிரப்பிக் கொடுப்பவர் வேகமாக நிரப்புவார். ஆகவே எந்தப் பல்கலைக்கழகமானாலும், எவ்வளவு நவீனமானாலும், ஒரு ஜன்னலும் அதற்குள் வெளியே பார்த்து உட்கார்ந்த ஒரு ஆளும் இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஊரடங்கின்போது வளாகம் எப்படி இருந்தது?

2020 மார்ச் கடைசியில் பூட்டினோம். பிறகு அவசர வேலைக்கு நாலைந்து பேராக முறை வைத்துப் போனோம். மயில்கள் வராந்தா வரை வந்தன. புங்கன் பூ தரையில் பொரி கொட்டியதுபோலக் கிடந்தது, மிதிக்க ஆளில்லை. நெடுஞ்சாலையில் சத்தமே இல்லாததால் தூரத்து ரயில் ஓசை கேட்டது. 58இல் ஓய்வு என்று நினைத்திருந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஆண்டு 59 என்றும், அடுத்த ஆண்டு 60 என்றும் அரசு வயதை உயர்த்தியது. எனக்குக் கிடைத்த அந்த இரண்டு ஆண்டில், வகுப்பறையையே பார்க்காமல் சேர்ந்த ஒரு கூட்டம் முதன்முதலாக வாசலில் நுழைந்ததைப் பார்த்தேன். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் வந்து நூலகம் எங்கே என்று வழி கேட்டார்கள்.

பழைய மாணவர்கள் உங்களிடம் எதை விசாரிப்பார்கள்?

சாப்பாட்டைத்தான். பரீட்சை முடிந்த சாயங்காலம் ஊருக்குள் இறங்கித் தட்டுவடை செட் தின்றது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காரச் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட். சேலத்தை விட்டுப் போனவர்கள் அதைச் சொல்லும்போது குரலே மாறிவிடும். சேர்க்கை நடக்கும் ஜூன் மாதத்தில் மாம்பழமும் சேர்ந்துகொள்ளும். மகனுக்கு இடம் கிடைத்த சந்தோஷத்தில் மல்கோவா கொண்டுவந்து நீட்டுவார்கள். வாங்குவதில்லை. ஆனால் அந்த மணம் அறையைவிட்டுப் போக மாலை ஆகிவிடும்.

சான்றிதழ் தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் பதறாமல் வீட்டைத் தேடுங்கள். பாதிப் பேருக்கு அது பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடைத்திருக்கிறது. உண்மையிலேயே தொலைந்திருந்தால் காவல்துறையில் புகார் பதிவு செய்து அதற்கான சான்றைப் பெறுங்கள். இரண்டாம் படிக்கு விண்ணப்பிக்க எங்கே போனாலும் அதைக் கேட்பார்கள். பதிவெண்ணும் தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் தெரிந்தால் தேடுகிறவருக்குப் பாதி வேலை முடிந்தது. அதனால் இன்றே ஒரு நகல் எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். தயவுசெய்து மூலச் சான்றிதழை லேமினேஷன் செய்யாதீர்கள். பின்பக்கம் முத்திரை வைக்கவேண்டி வந்தால் இடமிருக்காது, பிரிக்கப் போனால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும்.

மறுபடி கூப்பிட்டால் வேலைக்குப் போவீர்களா?

ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலை என்னை விடவில்லை. எங்கள் தெருவில் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் சாயங்காலத்தில் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். அவர்கள் போனில் தட்டுகிறார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கு எழுத்து வாசிக்கிறேன். அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும், பதிவேட்டு நாட்களில் செய்ததுபோலவே. சென்ற ஜூனில் பதினோரு பேர் வந்தார்கள். மூன்று பேருடைய பெயரில் எழுத்து மாறியிருந்தது, அனுப்புவதற்கு முன்பே சரி செய்துவிட்டோம்.

அடுத்த சேர்க்கைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் ஆறு மணிக்கு மேல் வரலாம். காசு எதுவும் வேண்டாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மட்டும் மறக்காமல் கையோடு கொண்டு வாருங்கள்.